அக்குபஞ்சர்: முதல் ஊசிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அக்குபஞ்சர் பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், தமிழ்நாட்டில் அது இரண்டு வேறு வேறு காரியங்களைக் குறிக்கலாம். ஒன்று, மிக மெல்லிய எஃகு ஊசிகளை உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகி இருபது, முப்பது நிமிடம் வைத்திருக்கும் சீன முறை. மற்றொன்று, நாடி பார்த்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை விரலால் சிறிது நேரம் தொட்டு அனுப்பிவிடும் முறை. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தங்களை 'அக்கு ஹீலர்' என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் ஆய்வு முடிவுகள் எல்லாம் ஊசி முறையைப் பற்றியவை. தொடு முறைக்கு அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆகவே நேரம் வாங்கப் போன் செய்யும்போதே, "ஊசி போடுவீர்களா, தொட்டுப் பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

சீனாவிலிருந்து வந்த வழி

கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற சீன மருத்துவ நூலிலேயே ஊசி சிகிச்சை விரிவாகப் பேசப்படுகிறது. 1027-இல் சோங் அரசவை மருத்துவர் வாங் வெய்யி, புள்ளிகள் பொறித்த ஆளுயர வெண்கலச் சிலைகளைச் செய்வித்தார். மாணவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் இடம் பழகினார்கள். சீனாவிலேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1822-இல் அரச மருத்துவக் கழகத்தில் ஊசி சிகிச்சை தடை செய்யப்பட்டது.

மேற்கு நாடுகளில் இது பேச்சாக மாறியது 1971-இல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தியே மயக்கி வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. அது தவறு. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தைத்தான் செலுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி போட்டார்கள்.

இந்தியாவுக்கு இது அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1938-இல் மருத்துவர் துவாரகாநாத் கோட்னிஸுடன் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்த பி.கே. பாசு, பிற்பாடு சீனாவில் இந்த முறையைக் கற்று வந்து, 1959 வாக்கில் கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். இலங்கையில் இதைப் பரப்பியவர் கொழும்பு களுபோவில மருத்துவமனையில் பணியாற்றிய அன்டன் ஜயசூரிய.

ஊசி என்ன செய்கிறது

மரபு விளக்கம் இது: உடலில் 'சி' என்னும் ஆற்றல் பன்னிரண்டு முதன்மைத் தடங்களிலும், உடலின் முன்னும் பின்னும் நடுக்கோட்டில் ஓடும் இரு தடங்களிலும் பாய்கிறது. ஓட்டம் தடைப்பட்டால் வலியும் நோயும் வரும், ஊசி தடையை நீக்கும். இந்தத் தடங்களில் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துப் பட்டியலிட்டிருக்கிறது. உடற்கூறில் இப்படி ஒரு குழாயோ நாளமோ இதுவரை காணப்படவில்லை.

அளந்து பார்க்கப்பட்டவை வேறு. ஊசி தசைக்குள் இறங்கும்போது அங்குள்ள மெல்லிய நரம்பிழைகள் தூண்டப்படுகின்றன, அதன் விளைவாகத் தண்டுவடத்திலும் மூளையிலும் எண்டார்ஃபின் வகை வலிநீக்கிகள் சுரக்கின்றன. மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிநீக்கமும் குறைகிறது என்று 1970-களில் நடந்த சோதனைகள் காட்டின. 2010-இல் எலிகளில் செய்த ஆய்வில், ஊசியைச் சுற்றிய திசுவில் அடினோசின் என்ற உடலின் இயல்பான வேதிப்பொருளின் அளவு கூடி, அது வலியைத் தணித்தது. ஆக, வலி என்ற ஒரு துறையில் ஊசிக்கு உடலியல் அடிப்படை உண்டு. சர்க்கரையைக் குணமாக்கும், தைராய்டைச் சரிசெய்யும், கட்டியைக் கரைக்கும் என்ற பேச்சுக்கெல்லாம் இந்த அடிப்படை நீளாது.

எதற்குப் போகலாம்

நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, முழங்கால் மூட்டுத் தேய்மானம், தோள்வலி, ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி ஆகியவற்றுக்குப் போகலாம். அறுவைக்குப் பின் வரும் குமட்டலிலும் நல்ல முடிவுகள் உண்டு. 39 சோதனைகளைச் சேர்ந்த 20,827 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான ஆய்வு, நாள்பட்ட வலியில் அக்குபஞ்சர் போலி ஊசியைவிட ஓரளவும், ஊசியே போடாமல் இருப்பதைவிடக் கணிசமாகவும் பயன் தருகிறது என்று கண்டது.

அந்த 'ஓரளவு' என்ற சொல்லை விளங்கிக்கொள்ள ஜெர்மனியில் நடந்த சோதனை ஒன்று உதவும். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கும், புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும், மாத்திரையும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்கும் பலன் இருந்தது. ஊசிக்காரர்கள் இந்த முடிவின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் சொல்வார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் சொல்வார்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் நோயாளிக்குக் கிடைக்கும் சேதி: பலன் உண்டு, ஆனால் குறிப்பிட்ட புள்ளியை மில்லிமீட்டர் பிசகாமல் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை நம்ப வேண்டியதில்லை. ஜெர்மனியில் 2007 முதல் நாள்பட்ட இடுப்புவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் பொதுக் காப்பீடு இதற்குப் பணம் தருகிறது. அதே இடுப்புவலிக்கு இதைத் தர வேண்டாம் என்று 2016-இல் பிரிட்டனின் வழிகாட்டு நெறி சொன்னது. நிபுணர்களே இன்னும் ஒத்துப்போகாத இடம் இது.

யாரிடம் போவது

மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019-இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் தனிச் சட்டமே இயற்றியிருக்கின்றன. இருந்தும் சில வார இறுதி வகுப்புகளில் வாங்கிய சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சுவரில் இருப்பதைப் படியுங்கள். ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர்களின் பாடத்திட்டத்தில் அக்குபஞ்சர் இருக்கிறது. சென்னை அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இதைப் பார்க்கிறார்கள். அலோபதி படித்து, கூடுதலாக இதைக் கற்ற வலிநீக்க மருத்துவர்களும் உண்டு. உடற்கூறு படித்தவரா என்பதுதான் கேள்வி. நுரையீரல் எங்கே முடிகிறது என்று தெரியாதவர் கையில் ஊசி இருக்கக் கூடாது.

உள்ளே போனதும் மூன்றைக் கவனியுங்கள். ஊசி, தயாரிப்பாளர் ஒட்டிய பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரித்து எடுக்கப்பட வேண்டும், பாக்கெட்டின் மேல் கிருமிநீக்கம் செய்த விவரமும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். "உங்களுக்கென்று தனி டப்பா வைத்திருக்கிறோம், அதையே கழுவிப் போடுவோம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். மறுபடி பயன்படுத்திய ஊசிகளால் ஹெபடைடிஸ் பி பரவியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது, எடுத்த ஊசிகள் துளைபடாத வெள்ளை நிறக் கொள்கலனில் விழ வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதி கூரான பொருள்களுக்கு வகுத்தது அதுதான். மூன்றாவது, உங்கள் மாத்திரைச் சீட்டை அவர் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

போவதற்கு முன்

வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஊசி மயக்கத்துக்குப் பசியும் ஒரு முக்கியக் காரணம். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக இரண்டு இட்லி போல இலேசாகச் சாப்பிட்டால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுப்பதும் சிரமம். மது கூடாது. முழங்காலுக்கும் முழங்கைக்கும் மேலே சுருட்டக்கூடிய தளர்வான உடை போதும். சீன முறைப்படி பார்ப்பவர் நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்ப்பார் என்பதால், அன்று காலை நாக்கை வழிக்காமல், காபியும் பீட்ரூட்டும் தவிர்த்துப் போனால் அவருக்கு வசதி. வழக்கமான மருந்துகளை எல்லா நாளும் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்பு, முன்பு ஊசியைப் பார்த்து மயங்கியது ஆகியவற்றைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, புறப்படும் முன் வலியை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, செய்ய முடியாமல் இருக்கும் ஒரு வேலையையும் எழுதுங்கள்: 'இரண்டு மாடி ஏற முடியவில்லை', 'பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை' என்பது போல. பின்னால் இது கைகொடுக்கும்.

படுக்கையில் நடப்பது

முழங்கால் தேய்மானத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை வருபவரை உட்கார வைக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைக்க வேண்டும். கால் சற்று மடங்கியிருந்தால்தான் மூட்டின் இடைவெளி திறக்கும். தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலர விடுவார். உலராமல் குத்தினால் ஸ்பிரிட் உள்ளே இறங்கி எரியும்; 'ஊசி எரிந்தது' என்று பலர் சொல்வது இதைத்தான்.

கால் தசைக்குப் பொதுவாக 0.25 அல்லது 0.30 மி.மீ. தடிப்பும் 40 மி.மீ. நீளமும் கொண்ட ஊசி. முகத்துக்கு 0.16 முதல் 0.20 மி.மீ. போதும். தடிப்பில் 0.25 மி.மீ. என்பது ஏறக்குறைய இன்சுலின் ஊசியின் அளவு. உள்ளே துளை கிடையாது, மருந்தும் செலுத்துவதில்லை. ஊசி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் வரும், அதன் தலை குழாய்க்கு வெளியே சில மி.மீ. நீண்டிருக்கும். குழாயைத் தோலில் அழுத்தி, தலையை விரலால் ஒரு தட்டு. தோலைத் தாண்டியதும் குழாயை எடுத்துவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு மெல்ல இறக்குவார்கள்.

தூரம் அளக்க இவர்கள் பயன்படுத்துவது 'சுன்'. இது நோயாளியின் உடலைக் கொண்டே அளப்பது: அவருடைய கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு சுன், சேர்த்து வைத்த நான்கு விரல்களின் அகலம் மூன்று சுன். சிகிச்சை தருபவர் தம் விரலை வைத்து அளந்தால் இடம் தவறும்; ஆறடி ஆளுக்கும் ஐந்தடிப் பாட்டிக்கும் ஒரே அளவு பொருந்தாது.

முழங்காலுக்கு அடிக்கடி எடுக்கும் புள்ளிகள்: சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள், வெளிக்குழியிலிருந்து மூன்று சுன் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்புக்கு ஒரு விரல் வெளியே இருக்கும் ஸுசான்லி எனும் எஸ்.டி. 36 (எழுத்து தடத்தையும் எண் அதிலுள்ள புள்ளியையும் குறிக்கும்), உட்புறம் கீழ்க்கால் எலும்பின் தலைக்குக் கீழே எஸ்.பி. 9, வெளிப்புறம் சிறு எலும்பின் தலைக்கு முன்னும் கீழுமாக ஜி.பி. 34. இதில் எஸ்.டி. 36-ல் ஒரு சுன்னுக்கு மேல்கூட இறக்கலாம், அங்கே தசை தடிமன். சில்லின் பக்கக் குழிகளில் அப்படி அல்ல. ஊசி மூட்டுக்குள்ளேயே போகக்கூடிய இடம் என்பதால் கிருமி போனால் மூட்டே சீழ் பிடிக்கும். கையுறை இல்லாமல் ஊசித் தண்டைத் தொட்டு வழிகாட்டி இறக்குபவர் இந்தக் குழிகளைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஊசி இறங்கியதும் இடமும் வலமுமாகச் சற்றே திருகுவார்கள். அப்போது மந்தமான கனம், இழுப்பு, மரத்துப்போவது போன்ற ஓர் உணர்வு வரும். சீனர்கள் இதை 'தெ சி' என்பார்கள், இது வர வேண்டும். வரக் கூடாதது இரண்டு. மின்சாரம் பாய்ந்தது போல் பாதம் வரை சுரீர் என்று ஓடினால் நரம்பில் பட்டிருக்கிறது. குத்திய இடத்திலேயே கூர்மையான வலி நீடித்தால் இரத்தக் குழாயிலோ எலும்பு உறையிலோ பட்டிருக்கலாம். இரண்டிலும் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே சொல்லுங்கள், ஊசியைச் சற்று வெளியே இழுத்தால் சரியாகிவிடும்.

அதன்பின் இருபது முதல் முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில இடங்களில் ஊசிகளில் கிளிப் மாட்டி மின் தூண்டல் தருவார்கள். நொடிக்கு இரண்டு துடிப்பு என்றால் தசை கண்ணுக்குத் தெரியத் துடிக்கும். நொடிக்கு நூறு என்றால் ஒரே சீரான அதிர்வாக இருக்கும். இரண்டிலும் சுகமான அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள். எடுக்கும்போது உலர்ந்த பஞ்சால் அழுத்தியபடி எடுப்பார்கள். போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை என்று நீங்களும் எண்ணுங்கள். தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் ஊசியை மறந்துவிடுவது எங்கும் நடக்கும் தவறு.

தவறினால் என்ன ஆகும்

2001-இல் பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட சிகிச்சை அமர்வுகளைக் கண்காணித்த ஆய்வில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. பயிற்சி பெற்றவர்கள் செய்ததால் வந்த எண் அது.

ஊசி மயக்கம்: முகம் வெளிறி, குளிர்ந்து வியர்த்து, குமட்டும். எல்லா ஊசிகளையும் உடனே எடுத்து, தலையணையை நீக்கி, கால்களை உயர்த்தி வைத்தால் சில நிமிடங்களில் தெளியும். பிறகு இனிப்பான பானம் தரலாம். உட்கார்ந்த நிலையில் போட்டிருந்தால் கீழே விழுந்து ஊசி வளையும் ஆபத்தும் உண்டு.

ஊசி சிக்கிக்கொள்வது: ஒரே திசையில் அதிகம் திருகியதால் தசைநார் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது நீங்கள் அசைந்ததால் தசை இறுகியிருக்கும். இழுக்கக் கூடாது. சற்றுத் தள்ளி மெல்லத் தட்டி, தசை தளர்ந்ததும் எதிர்த்திசையில் திருகி எடுக்க வேண்டும்.

கன்றிப்போவது: சிறு இரத்தக் குழாய் கிழிந்தால் நீலமாகும். ஊசி எடுத்ததும் ஒன்றிரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்தினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பத்து நாளுக்குள் மறையும்.

உண்மையிலேயே அஞ்ச வேண்டியது நுரையீரல் துளைபடுவது. கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவே, தோள் மேட்டில் இருக்கும் ஜி.பி. 21 கழுத்துவலிக்கு எல்லோரும் எடுக்கும் புள்ளி. அதன் நேர் கீழேதான் நுரையீரலின் உச்சி. ஒல்லியானவரிடம் செங்குத்தாக ஓர் அங்குலம் இறக்கினாலே ஆபத்து. தசையைப் பிடித்துத் தூக்கி, சாய்வாக, அரை சுன்னுக்குள் நிறுத்த வேண்டும். மேல்முதுகிலும் விலாவிலும் இதே கவனம் வேண்டும். நடு நெஞ்செலும்பிலும் நேராகக் குத்தக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த எலும்பில் துளை இருக்கும், அதற்குப் பின்னால் இதயம். சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ திடீர் நெஞ்சுக்குத்தலும் மூச்சுத் திணறலும் வந்தால் ஊசி போட்டவரை அழைத்துக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், 'முதுகில் அக்குபஞ்சர் போட்டார்கள்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் மருத்துவர் முதலில் மாரடைப்பைத் தேடுவார்.

யாருக்கு வேண்டாம், யாருக்குக் கவனம்

பேஸ்மேக்கர் இருந்தால் மின் தூண்டல் வேண்டாம். இரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு ஊசியே வேண்டாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை அளவு) கட்டுக்குள் இருந்தால், ஆழமில்லாமல், சில ஊசிகளோடு நிறுத்தலாம். மார்பகப் புற்றுக்கு அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்து, கை வீங்கியிருந்தால் அந்தக் கையில் குத்தக் கூடாது. உணர்விழந்த நீரிழிவுப் பாதத்தில் ஊசியும் வேண்டாம், மூலிகைக் கங்கால் சூடு காட்டும் மோக்ஸாவும் வேண்டாம். சுட்டது தெரியாமலே புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு அடிவயிறு, இடுப்பின் கீழ்ப்பகுதி, கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹெகு, கணுக்காலுக்கு மேல் உள்ள எஸ்.பி. 6 ஆகிய புள்ளிகளை மரபாகவே தவிர்க்கிறார்கள். இதய வால்வு நோய் உள்ளவர்கள் காதில் நாள்கணக்கில் ஒட்டிவைக்கும் பொட்டு ஊசிகளை ஏற்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகத் தீங்கு செய்வது "மாத்திரையை நிறுத்துங்கள்" என்ற வாய்ச்சொல். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வரும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். நாடியைப் பிடித்துவிட்டு இப்படிச் சொல்பவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், கைராசிக்காரர் என்று ஊரே சொன்னாலும், அவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

எத்தனை முறை

நாள்பட்ட வலிக்கு வாரம் ஒன்றோ இரண்டோ, மொத்தம் ஆறு முதல் பத்து முறை என்பது ஆய்வுகளில் பெரும்பாலும் இருந்த அளவு. முதல் ஒன்றிரண்டு முறைக்குப் பின் களைப்பும் தூக்கமும் வரலாம், வலி ஒரு நாள் கூடவும் செய்யலாம். அன்று நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள். ஆறாவது முறை முடிந்ததும் முன்பு எழுதிவைத்த எண்ணை எடுத்துப் பாருங்கள். 7 ஆக இருந்தது 5-க்கு வந்திருந்தால், அதாவது இரண்டு எண்ணாவது குறைந்திருந்தால், தொடர்வதில் பொருள் உண்டு. 7 அப்படியே 7 ஆகவோ 6 ஆகவோ நின்றால் இன்னும் இருபது முறைக்கு முன்பணம் கட்டாதீர்கள். தள்ளுபடிப் பேக்கேஜை முதல் நாளே விற்கும் இடங்களில் இந்தக் கணக்கை அவர்கள் விரும்ப மாட்டார்கள். முழங்காலுக்குப் போட்டுப் பலன் கிடைத்தவர்களும் தொடை முன்தசைப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஊசி வலியைக் குறைக்கும், தசையை வளர்க்காது.

வீட்டில் விரலால்

ஊசியை ஆன்லைனில் வாங்கித் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டாம். விரல் அழுத்தம் போதும், அதிலும் பயனுக்குச் சான்று கூடுதலாக உள்ளது குமட்டலுக்கான நெய்குவான் எனும் பி. 6. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மறுகையின் மூன்று விரல்களைச் சேர்த்துக் குறுக்காக வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், முன்கையின் நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே கட்டைவிரலால் அழுத்துங்கள். முஷ்டியை மடக்கி மணிக்கட்டைச் சற்று வளைத்தால் நாண்கள் எழும்பித் தெரியும். இரண்டு மூன்று நிமிடம், கனமான உணர்வு வரும் அளவு அழுத்தி, பிறகு அடுத்த கை. மலைப்பாதைப் பேருந்தில் போவதென்றால் வளைவுகள் தொடங்கும் முன்பே ஆரம்பிப்பது நல்லது, பயணக் குமட்டலுக்குச் சான்று கலவையானது என்றாலும் இழப்பதற்கு எதுவும் இல்லை. பலர் மணிக்கட்டு ரேகையின் மேலேயே அழுத்துகிறார்கள், அது வேறு புள்ளி. விரல்கள் மரத்தால் நடு நரம்பை நசுக்குகிறீர்கள் என்று பொருள், சற்றுத் தளர்த்துங்கள்.

தலைவலிக்கு ஹெகு. கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு ஒட்டினால் புறங்கையில் ஒரு தசைமேடு எழும்பும், அதன் உச்சிதான் இடம். விரலைத் தளர்த்திவிட்டு, ஆட்காட்டி விரல் எலும்பை நோக்கி ஒரு நிமிடம் அழுத்துங்கள். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்கலாம். வாழ்நாளில் இல்லாத அளவு திடீரென வெடிக்கும் தலைவலிக்கோ, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலிக்கோ, பேச்சுக் குழறலோடு வரும் தலைவலிக்கோ எந்தப் புள்ளியையும் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.